பகலில் ஓடிய பெட்டி

அத்தியாயம் 14

சென்ற வாரம் தேவேந்திரனைச் சமையலறை மேசைக்கு முன்னால், கையில் இரண்டு பேனாக்களோடு விட்டு வந்தோம். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. பன்னிரண்டாவது வாரத்துத் தாளின் ஏழு வரிகளையும் ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டிருந்தார். திங்களும் செவ்வாயும் நீலம். புதன் கறுப்பு. வியாழன் மறுபடி நீலம். ஒரே நாளில் எழுதியதாகத் தெரியக்கூடாது அல்லவா?

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தேவேந்திரன் தீவுகளுக்கிடையே ஓடும் படகு ஒன்றில் டெக் ஆள். ஐந்து மாதங்களுக்கு முன், ஒரு மழைக் காலையில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஏறுபலகை வழுக்கி வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் வழுவழுப்பாக இருக்கிற குருத்தெலும்பு, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. தோல் வெட்டுப்பட்டால் ஆறும். எலும்பு முறிந்தால் கூடும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அது லேசில் ஆறாது. மெயின்லேண்டுக்குப் போய் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியிடம் துளை வழியாக ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார்.

வரும்போது கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார்கள். சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயர் முனையில் இரண்டு ஒட்டுப் பட்டைகள். முழங்காலின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு தினம் ஆறு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். உடம்புக்கே தெரியாத அளவு மெல்லிய மின்சாரம் மூட்டுக்குள் போகும். அது குருத்தெலும்பைத் தூண்டிவிட்டுப் பள்ளத்தைச் சீக்கிரம் நிரப்புமா என்று நாற்பது பேரிடம் பரிசோதித்துக்கொண்டிருந்தார் டாக்டர். நிரப்பும் என்று அவர் சொல்லவில்லை. நிரப்புமா என்றுதான் சொன்னார்.

பதினாறு இரவு தேவேந்திரன் ஒழுங்காக ஒட்டிக்கொண்டு படுத்தார். வேர்வையில் பட்டை அரித்தது. மின்சாரம் என்றார்கள், சுருக்கென்றுகூட ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் காலை, ஓடி முடிந்த பெட்டியைக் கழற்ற மறந்து ஜெட்டிக்குப் போனபோது, கூட வேலை செய்யும் ஹபீப் முகம்மது பார்த்துவிட்டான்.

"என்ன தேவேந்திரண்ணே, சார்ஜ் ஏறுதா? ஃபுல் ஆனதும் சொல்லுங்க. எஞ்சினுக்கு ஒரு ஒயர் இழுத்துக்கலாம்."

படகே சிரித்தது. அன்று மாலை பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. தாள் மட்டும் வாராவாரம் நிறைந்தது.

அதைப் பெரிய பொய்யாக அவர் நினைக்கவில்லை. டெக் ஆட்களின் தலைவராக இருந்து அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பழைய செராங், காற்று எப்படி, அலை எப்படி என்று நான்கு மணி நேரத்துக்கொரு தரம் எழுத வேண்டிய புத்தகத்தைக் கரை சேர்ந்த பிறகு டீயைக் குடித்துக்கொண்டே மொத்தமாக எழுதுவார். "கடலு சும்மா கெடக்கையில புஸ்தகத்துக்கு என்னடா அவசரம்?" என்பார். தேவேந்திரனும் அப்படியே பழகிவிட்டார். முழங்கால் சும்மாதானே கிடக்கிறது?

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

*

மரைன் ஹில் சரிவில், சாலைக்குக் கீழே இருந்தது அவர்கள் வீடு. சாலைக்கு ஏற நாற்பத்திரண்டு படிகள். காலை எட்டே முக்காலுக்கு மூன்று பேரும் புறப்பட்டார்கள். தேவேந்திரன் முன்னால். கல்லூரியில் படிக்கிற மகள் அகிலா நடுவில். அன்று சமையல் வேலைக்கு லீவு சொன்ன மனைவி செல்லம் கடைசியில்.

மனசுக்குள் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கு. படகின் செராங், டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவர், இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்த முறை தேவேந்திரனுடையது. இருபத்தோரு வருஷமாகக் கயிறு இழுத்ததற்கு அதுதான் பலன். ஆனால் 'கடலில் வேலை செய்யத் தகுதி' என்று டாக்டர் எழுதித் தந்தால்தான். சிகிச்சையை முழுசாக முடித்தவர்களுக்கே தருவேன் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். முடிக்காதவர்கள் இன்னும் மூன்று மாதம் ஜெட்டி ஸ்டோர் ரூமில் கயிறு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்குள் அடுத்தவன் செராங் ஆகிவிடுவான்.

இருபதாவது படியில் திரும்பிப் பார்த்தார். செல்லம் பத்தாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒம்போதரைக்கு வரச் சொன்னாரு டாக்டரு. ஒனக்காக அவரு காத்துக்கிட்டு இருப்பாரா? வேகமா ஏறு."

"நீங்க போங்க. நா வர்றேன்."

"அப்பா, அவங்க மெதுவா வரட்டும்பா," என்றாள் அகிலா. குரலில் ஒரு முறைப்பு இருந்தது. தேவேந்திரன் கவனிக்கவில்லை.

சாலையில் பைக்கை நிறுத்தி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த ஹபீப், மூவரும் ஏறி வந்த அழகைப் பார்த்தான்.

"என்னண்ணே, ஆபரேஷன் பண்ணது உங்களுக்கா, அண்ணிக்கா? நீங்க குதிச்சுக்கிட்டு வர்றீங்க, அண்ணி இல்ல நொண்டிக்கிட்டு வர்றாங்க."

தேவேந்திரன் சிரித்தார். செல்லமும் சிரித்து வைத்தாள். புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

*

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வருவார். வந்தால், ஊருக்குள் ஒரு கடைக்கு மேலே பிசியோதெரபி நடத்துகிற ஜஸீலாவின் அறையில்தான் ஆட்களைப் பார்ப்பார். அறைக்குக் கதவு இல்லை, பச்சைத் திரை. திரைக்கு வெளியே ஒரு மர பெஞ்ச். செல்லமும் அகிலாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தேவேந்திரன் உள்ளே போனார்.

முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார் டாக்டர். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஸ்டூலில் ஏறி இறங்கச் சொன்னார்.

"நல்லா இருக்கு. பலம் வந்திருக்கு. தாள் எங்க?"

பன்னிரண்டு தாள்களையும், காலையில் மேல்தட்டிலிருந்து இறக்கிய பெட்டியையும் தேவேந்திரன் நீட்டினார். எண்பத்து நான்கு வரி. தேதி, ஒட்டிய நேரம், எடுத்த நேரம், குறிப்பு. இரவு 10.30, காலை 4.30. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"ஜஸீலா, இதப் பாத்தியா? போன மாசம் நீ ஃபோன்ல அனுப்பின தாளையெல்லாம் சென்னையில மத்தவங்களுக்குக் காட்டினேன். படிச்சவங்கல்லாம் கிறுக்கி வச்சிருக்காங்க, ஒரு கப்பல்காரர் எப்படி எழுதியிருக்கார் பாருங்கன்னு."

"அங்கிள் எப்பவுமே டீக்காதான் சார் இருப்பாங்க," என்றாள் ஜஸீலா.

தேவேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டார். அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் மேசைமேல் இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று, தாளில் எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டியது. இன்னொன்று, கடலுக்குப் போகலாம் என்கிற சான்று. இரண்டாவதில் தேவேந்திரனின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார்.

"ஜஸீலா பெட்டியக் கம்ப்யூட்டர்ல போட்டு எடுக்கட்டும். அதுவரைக்கும் இருங்க."

"பெட்டியில என்ன சார் எடுப்பாங்க?"

"அதுக்குள்ள ஒரு நினைவு இருக்கே. எப்ப ஒட்டினீங்க, எப்ப எடுத்தீங்கன்னு அதுவே குறிச்சுக்கும். மொத நாளே படிச்சுக் காட்டினாங்களே, நீங்ககூடத் தலையாட்டினீங்க."

ஆட்டியிருப்பார். எட்டுப் பக்கம் படித்தார்கள். எட்டுப் பக்கத்துக்கும் ஆட்டினார்.

அவர் பெட்டியைப் பார்த்தார். பதினாறு நாள் இருக்கும், மிச்சம் அறுபத்தெட்டு நாளும் வெறுமையாக இருக்கும். இப்போது தெரிந்துவிடும். எழுந்து ஓடக்கூட முடியாது. வெளியே பெஞ்சில் மனைவியும் மகளும் இருக்கிறார்கள்.

ஜஸீலா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். டாக்டரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"மொத பதினாறு நாள் சரியா இருக்கு. ராத்திரி பத்தரை," என்றார் டாக்டர். "அப்புறம் அஞ்சு நாள் ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் நேத்து வரைக்கும் தினம் ஆறு மணி நேரம் ஓடியிருக்கு. ஆனா எல்லாம் பகல். காலைல பத்தரைலேர்ந்து சாயந்தரம் நாலரை."

தேவேந்திரனுக்கு முதலில் புரியவில்லை. ஓடியிருக்கிறதா? அலமாரியின் மேல்தட்டில் கிடந்த பெட்டி எப்படி ஓடும்?

"பகல்ல நீங்க ஜெட்டியில இருப்பீங்க இல்ல?"

"ஆமா சார்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "இப்படி நடந்திருக்கும். பாட்டரி சுத்தமா தீர்ந்து அஞ்சு நாள் நின்னுபோச்சு. நீங்க பாட்டுக்கு ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்க, பச்சை விளக்கு எரியாதத கவனிக்கல. மறுபடி சார்ஜ் ஏறினப்ப உள்ள இருக்கிற கடிகாரம் பன்னெண்டு மணி நேரம் மாறி ஓட ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி பத்தரைய அது காலை பத்தரைன்னு குறிச்சிருக்கு. வேறொருத்தர் பெட்டியும் இப்படிப் பண்ணிச்சு."

"அப்படித்தான் சார் இருக்கும்," என்றாள் ஜஸீலா நிம்மதியாக.

"நீங்க ஆமான்னா அப்படியே ஒரு குறிப்பு எழுதிடறேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்."

யாரோ கயிறு வீசியதுபோல் இருந்தது. பிடித்துக்கொண்டால் கரை. தேவேந்திரன் பேனாவை எடுத்தார்.

"ஆனா ரெண்டு நாள் இடிக்குது," என்றார் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. "போன மாசம் பன்னெண்டாந்தேதியும் பதிமூணும். அன்னிக்குப் பெட்டி ஓடவே இல்ல. நீங்க ஆறு மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. ஊருக்கு எங்கயாவது போயிருந்தீங்களா?"

பன்னிரண்டும் பதிமூன்றும்.

தேவேந்திரன் எங்கும் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஜெட்டியிலிருந்து வந்து தானே சோற்றைச் சுட வைத்து, அடிப்பிடித்து, எரிச்சலோடு தின்ற நாட்கள் அவை. செல்லம் வீட்டில் இல்லை. தன் அக்கா பேச்சியம்மாவின் பேத்திக்குக் காது குத்து என்று பக்கத்து ஊரான சிப்பிகாட்டுக்குப் போயிருந்தாள்.

செல்லம் இல்லாத இரண்டு நாளும் பெட்டி ஓடவில்லை.

பேனா அப்படியே நின்றது.

காலை ஏழரைக்கு அவர் ஜெட்டிக்குக் கிளம்பியதும் அவள் மரைன் ஹில் மேலே ஒரு குவார்ட்டர்ஸுக்குச் சமைக்கப் போவாள். பத்து மணிக்கு வந்துவிடுவாள். அவர் திரும்ப மாலை ஐந்து. இடையில் யார் இருக்கிறார்கள் வீட்டில்?

கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளி சுமந்து வளர்ந்தவள் செல்லம். இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னாள். பதினாலு வயதில், ஈரச் சரிவில் வாளியோடு சறுக்கி முட்டி இடித்துக்கொண்டதாக. வாளிப் பால் கொட்டாமல் பிடித்துவிட்டதாக. அதைச் சொல்லிச் சிரித்தாள். முட்டி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் தரையில் உட்கார்ந்தவள் எழும்போது சுவரைத் தடவுவதைப் பார்த்திருக்கிறார். படியில் ஒவ்வொரு காலாகச் சேர்த்து வைத்து இறங்குவதைப் பார்த்திருக்கிறார். பார்த்து என்ன செய்தார்? சீக்கிரம் வா என்றார். இன்று காலையும் அதையேதான் சொன்னார்.

பெட்டி மேல்தட்டுக்குப் போன மறுவாரம் அவள் கேட்டதும் ஞாபகம் வந்தது. "இப்பல்லாம் அதப் போடறதில்லையா?" "நீ ஒன் வேலையப் பாரு," என்றிருந்தார். அவள் அவள் வேலையைப் பார்த்திருக்கிறாள்.

"தேவேந்திரன்?"

"எங்கயும் போகல சார்."

"சரி, அந்த ரெண்டு நாளும் கடிகாரக் குழப்பம்னே வச்சுக்குவோம்." டாக்டர் போன வாரம் எடுத்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எனக்கு இதுலதான் வருத்தம். பாருங்க, பள்ளம் பாதிகூட நிரம்பல. வெளிய பலம் இருக்கு, உள்ள பெருசா மாற்றம் இல்ல. எண்பத்து நாலு நாளும் ஒழுங்கா போட்ட ஒருத்தருக்கே பலன் இல்லன்னா, அத நான் அப்படியே எழுதணும்."

"எழுதினா என்ன சார் ஆகும்?"

"நாப்பது பேர்ல ஒருத்தர் நீங்க. உங்க வரி 'பலன் இல்லை'ன்ற பக்கம் போகும். ஒழுங்கா போட்டவர்ங்கறதால அந்த வரிக்குக் கனம் ஜாஸ்தி. இன்னும் நாலஞ்சு பேர் அப்படி வந்தா, இந்த வைத்தியத்தையே மூட்டை கட்டி வச்சிடுவோம். வேலை செய்யாததப் பிடிச்சுத் தொங்க முடியாது இல்லையா?"

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கமாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நீலத்திலும் கறுப்பிலும் மாற்றி மாற்றி எழுதியபோது, தன் முழங்காலைப் பற்றித் தனக்குத்தானே எழுதிக்கொள்வதாகத்தான் தேவேந்திரன் நினைத்திருந்தார். அதை எங்கோ ஒருவர் உட்கார்ந்து நம்புவார் என்று நினைக்கவில்லை. முகம் தெரியாத இன்னொரு முழங்காலின் தலையில் அது போய் விடியும் என்றும் நினைக்கவில்லை.

செராங்கின் விசில் கண்முன் வந்தது. பித்தளை விசில், கறுப்புக் கயிறு. மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

"நா போடல சார்."

"என்னது?"

"மொத பதினாறு நாளுதான் போட்டேன். அப்புறம் போடல. தாளு எல்லாம் ஞாயித்துக்கிழமை ஒக்காந்து எழுதினது. கடிகாரம் சரியாத்தான் ஓடியிருக்கு."

கீழே கடையில் யாரோ பெங்காலியில் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜஸீலா அவரைப் பார்க்காமல் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். அவருக்காகப் பேசி இந்த நாற்பதில் ஒருவராகச் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

டாக்டர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஓரம் தட்டிச் சரி செய்தார். தகுதிச் சான்றை எடுத்து இரண்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு கலர் பேனா," என்றார் மெதுவாக. "நான் அதத்தான் சென்னையில காட்டினேன்."

ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது தேவேந்திரனுக்கு. கையிலிருந்த பேனாவால் முதல் பதினாறு வரிகளை விட்டுவிட்டு, மிச்ச வரிகளின் மேல் தாளுக்கு ஒரு கோடாகக் கோணலில்லாமல் இழுத்தார். ஒவ்வொன்றிலும் 'போடவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அப்போதும் எழுத்து அழகாகத்தான் வந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

"சரி," என்றார் டாக்டர். "அப்ப பகல்ல போட்டது யாரு?"

இதை அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை.

என் மனைவி என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவங்களுக்கு முட்டியில என்ன? எத்தனை வருஷமா? எந்த முட்டி? தேவேந்திரன் யோசித்துப் பார்த்தார். வலதா, இடதா? இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. தன் பொய்யைச் சொல்லும்போது இல்லாத கூச்சம் இப்போது வந்தது.

"தெரியல சார்," என்றார்.

"தெரியலையா? உங்க வீட்டுலதான இருந்துச்சு?"

"தெரியல சார். வீட்டுல யாராவது எடுத்திருப்பாங்க."

டாக்டர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "யாரா இருந்தாலும் நான் பாக்கணும். ரெண்டு மாசம் பரிசோதனை இல்லாம ஒருத்தர் இதப் போட்டிருக்காங்க. இதய நோய் இருக்கா, வேற ஏதாவது இருக்கா, ஒண்ணும் தெரியாது. அதவிட, தினம் ஆறு மணி நேரம் தவறாம ஒருத்தர் போட்டிருக்காங்கன்னா வலி எவ்வளவு இருந்திருக்கும்? நாளைக்கு மத்தியானம் எனக்கு ஃப்ளைட். காலைல ஒம்பது மணிக்கு அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும்."

*

நடந்ததையெல்லாம் வேறொரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் அகிலா மட்டும் இருந்தாள். மடியில் அம்மாவின் துணிப்பை.

"அம்மா எங்க?"

"சிப்பிகாட் பஸ்ல ஏத்தி விட்டுட்டு இப்பத்தான் வர்றேன். பெரியம்மா வீட்டுக்கு."

"எதுக்கு? ஒரு வார்த்தை சொல்லாம?"

"திரைதானப்பா இருக்கு. எல்லாம் கேட்டுச்சு."

தேவேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"பட்டைய முட்டிக்குப் பக்கத்துல சரியா ஒட்டணும்ல. அம்மாக்குக் குனிய முடியாது. லீவு நாள்ல நாந்தான் ஒட்டி விடுவேன்." அகிலா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மொத நாள் அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஒங்கப்பா வேணாம்னு தூக்கிப் போட்டதுதான, நா எடுத்தா திருட்டு ஆகாதுல்ல'ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னு சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல புள்ள."

"என்னத்தச் சொல்றது? நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டு பேனாவோட ஒக்காருவீங்க. அம்மா டீ வச்சுட்டுப் போவாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க மாட்டீங்க. நடுவுல நா என்னத்தச் சொல்ல?"

அவர் அவள் மடியிலிருந்த துணிப்பையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "எந்தக் காலும்மா?"

அகிலா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் வாழ்நாளுக்கும் மறக்கப்போவதில்லை.

"எடது," என்றாள்.

*

சிப்பிகாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாலை நான்கு. இறங்கும் படியில் வலது காலை ஊன்றியபோது தேவேந்திரனுக்கும் சுருக்கென்றது. பள்ளம் பாதிகூட நிரம்பாத கால். முதல் தடவையாக அதன்மேல் அவருக்கு இரக்கம் வரவில்லை.

பாக்கு மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் மூன்றாவது வீடு பேச்சியம்மாவுடையது. வேலிப் படலுக்கு வெளியிலிருந்தே செல்லம் தெரிந்தாள். முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது காலைக் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின்மேல் நீட்டி வைத்திருந்தாள். புடவை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. பேச்சியம்மா சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடது முட்டி, வலது முட்டியைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. பட்டை ஒட்டிய இடங்கள் மட்டும் இரண்டு பக்கமும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தன.

படல் கிரீச்சிட்டது.

செல்லம் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி, பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கி வாளியிலிருந்து இறக்கினாள். புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டாள். எழுந்து நிற்கவும் பார்த்தாள்.

அதை எத்தனை வேகமாகச் செய்தாள் என்பதுதான் அவரைக் கொன்றது. யோசித்துச் செய்ததல்ல அது. இருபத்திரண்டு வருஷமாக, அவர் வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் செய்து செய்து கைக்கும் காலுக்கும் பழகிப்போனது.

"வாங்க தம்பி," என்றாள் பேச்சியம்மா. துணியைப் பிழிந்து உதறினாள். "வீட்டுல கரண்டு மெஷினு ஒங்களுக்கு, ஒத்தடம் மட்டும் அக்கா வீட்டுலயா? நல்ல நாயந்தான். ஒக்காருங்க, டீ போடறேன்."

உள்ளே போய்விட்டாள்.

"எந்திரிக்காத," என்றார் தேவேந்திரன். "நீட்டிக்க. முன்ன இருந்த மாதிரியே வச்சுக்க."

செல்லம் நீட்டவில்லை.

"வலி கொறஞ்சுச்சா, அதப் போட்டதுல?"

"என்னமோ. ராத்திரி தூக்கம் வந்துச்சு. மெஷினாலயா, ஆறு மணி நேரம் அதுக்காகக் கொஞ்சம் ஒக்காந்ததாலயா, யாருக்குத் தெரியும்?" அவள் பாக்கு மரத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்க வைத்தியத்தக் கெடுத்துட்டேன். அந்தப் பேப்பரத் தரலையாமே டாக்டரு."

"அது நீ கெடுத்ததில்ல."

"செராங்கு வேலை?"

"போனாப் போகுது."

போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டார். உள்ளே இன்னும் அந்தப் பித்தளை விசில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும் என்று தோன்றியது.

பாதை முனையில் பஸ் திரும்பி நின்று ஹாரன் அடித்தது. போர்ட் பிளேருக்குத் திரும்பிப் போகிற வண்டி. பத்து நிமிஷம் நிற்கும்.

"நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு ஒன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாரு டாக்டரு. மத்தியானம் அவரு கெளம்பிருவாரு. வா, போவோம். படியில நா புடிச்சுக்கறேன்." கையை நீட்டினார். கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றி வந்தபோது பிடித்ததற்குப் பிறகு, நான்கு பேர் பார்க்கிற இடத்தில் அவர் அவளிடம் கை நீட்டியதில்லை.

செல்லம் அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. தள்ளவும் இல்லை.

"என்னைய கூட்டிட்டு வரச் சொன்னாரா?"

"ஆமா."

"எம்பேரச் சொல்லியா?"

தேவேந்திரனின் நீட்டிய கை இறங்கியது.

"ஒங்க பொய்ய ஒங்க வாயாலயே சொன்னீங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பெஞ்சுல ஒக்காந்து கேக்கையில. எந்திரிச்சு உள்ள வந்து, நாந்தான் போட்டேன் சார், என்னையும் சேத்துத் திட்டுங்கன்னு சொல்லலாம்னு காலக்கூட ஊனிட்டேன். அப்பத்தான் அவரு கேட்டாரு, யாரு போட்டதுன்னு." செல்லத்தின் குரல் உயரவே இல்லை. "தெரியலன்னுட்டீங்க. வீட்டுல யாரோன்னுட்டீங்க."

ஹாரன் மறுபடி அடித்தது.

அவள் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு நா யாரா வரணும்?"